பாத்திரம் உடையாமல் ஊர் போய்ச் சேர: வீடு மாறும்போதும் வேன் பயணத்திலும் கவனிக்க வேண்டியவை

கெடா மாநிலத்தில் தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற இடங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபோது, தலைமுறை தலைமுறையாக இருந்த வீடும் கோயிலும் வேப்பமரமும் பின்னால் நின்றுவிட்டன. லோரியில் ஏறி வந்தவை கட்டில், அலமாரி, சாமிப்படம், அடுப்படிச் சாமான்கள் ஆகியவை மட்டுமே. அவற்றிலும் போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் குறைந்து போவது பீங்கானும் கண்ணாடியும்தான்.

கட்டிலின் கால் முறிந்தால் தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். பாட்டி புழங்கிய பீங்கான் மங்கு நொறுங்கினால் அதே மங்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. உடைந்த சில்லு புது வீட்டின் தரையில் எங்கோ ஒளிந்திருக்கும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கும், இனிப்புநீர் நோயால் கால் மரத்துப்போன பெரியவருக்கும் அது ஆபத்து. சில்லு ஏறியதே தெரியாமல் புண் முற்றிய பின் மருத்துவமனைக்கு ஓடும் நிலை அப்படிப்பட்டவர்களுக்கு வரக்கூடும். ஆகவே பாத்திரம் கட்டுவதை அரைமணி நேர வேலையாக எண்ணாமல், அதற்கென்று ஒரு நாளை ஒதுக்குவது நல்லது.

உடைவது எதனால்?

தோட்டத்துச் செம்மண் சாலையில் உள்ள குழிகள்தான் பாத்திரத்தை உடைக்கின்றன என்று பலரும் நினைப்பார்கள். குழி குலுக்குகிறது என்பது உண்மை. ஆனால் குலுக்கல் மட்டுமே உடைப்பதில்லை. குலுங்கும்போது ஒரு தட்டு இன்னொரு தட்டோடு மோதுவதுதான் உடைக்கிறது. பெட்டிக்குள் விரல் அளவு இடைவெளி இருந்தாலும் போதும்; சாலை நெடுக நூற்றுக்கணக்கான சிறு மோதல்கள் நடக்கும். ஏதாவது ஒன்றில் விளிம்பு பெயரும், அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

பால்மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் மங்கை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். காற்றில் மரம் ஆடினாலும் மங்கு விழுவதில்லை. வளையம் அதை அசையவிடாமல் பிடித்திருக்கிறது. பயணத்திலும் இதே விதிதான்: அசையாதது உடையாது.

இரண்டாவது காரணம் பாரம். பீங்கானும் கண்ணாடியும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. பத்துத் தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் அடித்தட்டின் மேல் ஒன்பது தட்டின் எடையும் இறங்கும். வேகத்தடையில் லோரி ஏறி இறங்கும்போது அந்த எடை சட்டென்று பல மடங்காக அழுத்தும். நடுவில் வளைவு விழுந்து தட்டு பிளந்துவிடும். அதே தட்டுகளை ஏடுகள் போல நட்டு வைத்தால் ஒவ்வொன்றும் தன் எடையை மட்டுமே சுமக்கிறது.

மூன்றாவது காரணம் சூடு. வெயிலில் நிறுத்திய காரின் உட்பகுதி வெளியைவிட மிக அதிகமாகச் சூடேறும். அப்படிச் சூடான கண்ணாடிப் பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் சுருங்காது. அந்த இழுபறியில் பாத்திரம் வெடித்துவிடும்.

கடாரத்துக்கு வந்த பீங்கான்

பீங்கானை உடையாமல் தொலைதூரம் கொண்டு செல்லும் கலைக்குக் கெடா மண்ணே சாட்சி. 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம், இன்றைய கெடா என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மெர்போக் வட்டாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில், குறிப்பாகப் பெங்காலான் பூஜாங் பகுதியில், சீனாவின் சோங், யுவான் அரச மரபுக் காலத்துப் பீங்கான் துண்டுகளும் மத்திய கிழக்கிலிருந்து வந்த கண்ணாடிச் சில்லுகளும் மணிகளும் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. இந்த வட்டாரத்தில் கிடைத்த பழம்பொருள்களை மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பல வாரக் கடல் பயணம் தாண்டி இந்தப் பண்டங்கள் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன.

அந்தக் காலத்து வணிகர்கள் எப்படி அடுக்கினார்கள் என்பதை மூழ்கிய கப்பல்கள் காட்டிக் கொடுத்துவிட்டன. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதோங் தீவுக்கு அருகே ஓர் அரபு வகைக் கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. பலகைகளை ஆணியால் அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதில் சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருள்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி பொறிக்கப்பட்டிருந்தது. கிண்ணங்களில் பல, பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஜாடிதான் பெட்டி, கிண்ணம் நகர இடமே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடலடியில் கிடந்தும் ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் முழுதாகவே வெளிவந்தன. அவற்றைச் சிங்கப்பூரில் உள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் காணலாம்.

1752-இல் தென்சீனக் கடலில் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கனமான பீங்கான் பெட்டிகள் அடியிலும் இலேசான தேயிலை மேலேயும் ஏற்றப்பட்டிருந்தன. 1985-இல் அதைக் கண்டுபிடித்தபோது பீங்கான்களைத் தேயிலை மூடிக் காத்திருந்தது தெரிந்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் அளவிலான பொருள்கள் மீட்கப்பட்டு, 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன.

இரண்டு கப்பல்களும் சொல்வது இவைதான்: நெருக்கி அடுக்கு, இடைவெளியை நிரப்பு, கனத்தைக் கீழே வை. நம் வீடுகளிலும் இந்த அறிவு இருந்தது. மண்பானை உருளாதிருக்க வைக்கோல் பிரிமணை, தலைச்சுமைக்குச் சும்மாடு, மோர்ப்பானைக்கு உறி. இவற்றில் பிரிமணையும் சும்மாடும் லோரிப் பயணத்துக்கு இன்றும் உதவும். உறி மட்டும் உதவாது. ஓடும் வண்டியில் தொங்குவது ஊசலாடிப் பக்கத்தில் இடிக்கும்.

எது எப்படிப்பட்டது?

எல்லாப் பாத்திரத்தையும் ஒரே மாதிரி கட்டக் கூடாது. ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொள்வது முக்கியம்.

பீங்கான்: உடல் உறுதியானது, விளிம்பும் பிடியும் பலவீனமானவை. கோப்பையின் பிடிதான் முதலில் போகும்.

சாதாரணக் கண்ணாடி டம்ளர்: மிக எளிதில் உடையும். உள்ளே தாளைத் திணித்து வெளியிலும் சுற்ற வேண்டும்.

பதப்படுத்திய கண்ணாடி: சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துச் செய்யப்படுவது. அடியைத் தாங்கும், ஆனால் விளிம்பில் கீறல் விழுந்தால் பின்னொரு நாள் திடீரென்று தூள்தூளாகலாம். கைதவறி விழுந்து தப்பித்த பாத்திரத்தின் விளிம்பை விரலால் தடவாமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கோரெல் தட்டு: மூன்று அடுக்குக் கண்ணாடியைச் சூட்டில் ஒட்டிச் செய்வது, 1970-இல் விற்பனைக்கு வந்தது. மெல்லியது, இலேசானது, உறுதியானது. ஆனாலும் உடைந்தால் கூரான துண்டுகளாகச் சிதறும். 'இது உடையாத தட்டு' என்று நம்பித் துணி வைக்காமல் அடுக்குவது தவறு.

மண்பானை: ஈரத்தோடு கட்டக் கூடாது. நன்றாக உலர்த்தி, பிரிமணை மேல் உட்கார வைத்து, உள்ளே துணி நிரப்ப வேண்டும். ஒரு பானை மேல் இன்னொரு பானை வேண்டாம்.

எனாமல் மங்கு, தட்டு, தூக்கு: உடையாது, ஆனால் இடித்தால் மேல்பூச்சு பெயரும். உட்பக்கம் பூச்சு பெயர்ந்து சில்லு உதிரும் பாத்திரத்தில் சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது.

மெலமின்: பயணத்துக்கு ஏற்றது; இலேசானது. ஆனால் அதில் கொதிக்கும் புளிக்குழம்பை ஊற்றி வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கவும் கூடாது.

எவர்சில்வர், பித்தளை: உடையாது, ஆனால் மற்றவற்றை உடைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தனியே கட்ட வேண்டும்.

அம்மி, ஆட்டுக்கல்: இவைதான் லோரியில் உள்ள பெரிய எதிரிகள். குழவி ஒருமுறை உருண்டால் போதும், ஒரு பெட்டித் தட்டும் போய்விடும். குழவியைத் தனியே சாக்கில் கட்டி, மூலையில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். மின் ஆட்டுக்கல்லில் உள்ள உருளைக் கல்லையும் கழற்றிவிட வேண்டும்.

கட்டும் முறை

மளிகைக் கடையில் கிடைக்கும் சிறிய, தடித்த அட்டைப்பெட்டிகளே போதும். பெரிய பெட்டியில் நிறைய அடுக்கினால் தூக்க முடியாது. தூக்க முடியாத பெட்டி கைதவறும். ஒரு பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அடிப்பக்கத்தில் இரண்டு அடுக்கு ஒட்டுநாடா ஒட்ட வேண்டும்.

முதலில் கசக்கிய தாளை மூன்று விரல் உயரத்துக்கு அடியில் பரப்ப வேண்டும். பழைய நாளிதழ்கள் இதற்கு நல்லவை. மை ஒட்டினால் கழுவிக்கொள்ளலாம். தாளை மடித்து வைத்தால் பயனில்லை, கசக்கினால்தான் அது மெத்தையாகும்.

ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே தாளில் சுற்றி, நான்கைந்தைச் சேர்த்து மீண்டும் ஒரு கட்டாகச் சுற்றி, நட்ட வாக்கில் நிறுத்த வேண்டும். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம். ஆனால் இடையில் துணியோ தாளோ இருக்க வேண்டும். கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து, பிடிகள் ஒன்றோடொன்று படாமல் திருப்பிவிட வேண்டும். சிறு கோப்பைகளுக்கும் ஊறுகாய்க் கிண்ணங்களுக்கும் முட்டை அட்டைகள் அருமையான மெத்தை. காலுள்ள கண்ணாடிக் கோப்பைக்குப் பழைய காலுறையே நல்ல உறை.

எப்படியும் கொண்டு போகத்தான் வேண்டிய கைலி, துண்டு, போர்வை, திரைச்சீலை ஆகியவற்றையே பாத்திரம் சுற்றப் பயன்படுத்தினால் செலவும் மிச்சம், பெட்டியும் மிச்சம்.

மேலேயும் தாள் பரப்பி மூடிய பிறகு ஒரு சோதனை: பெட்டியை மெதுவாக அசைத்துக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். உள்ளே 'கிளிங்' என்று சத்தம் வந்தால் திறந்து இன்னும் திணிக்க வேண்டும். சத்தமே வராத பெட்டிதான் சாலைக்குத் தயார். பிறகு மேலேயும் நான்கு பக்கமும் 'உடையும் பொருள்' என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுத வேண்டும். தூக்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதினால்தான் பயன்.

சாமி அறைக் கும்பம், தாத்தா பாட்டி காலத்து மங்கு, தாலிக்கொடி வைத்த வெள்ளிக் கிண்ணம் போன்றவை லோரியில் ஏறவே கூடாது. அவை குடும்பத்தோடு காரில், மடியில் வரட்டும்.

லோரியில் எங்கே வைப்பது?

பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் லோரியில் அதிகமாகத் தூக்கிப் போடும் இடம். கடைசியாக ஏற்றும் சாமான் அங்கேதான் போகும். அடுப்படிப் பெட்டிகளைக் கடைசியில் ஏற்றுவது பலர் செய்யும் தவறு. அவற்றை முன்னதாகவே ஏற்றி, ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்சுவருக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டும். இரண்டு பெட்டி உயரத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் மெத்தையை நிறுத்திக் கயிற்றால் இறுக்கினால் அதுவே நல்ல தடுப்பு.

கேஸ் தோம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்ந்த நிலையில் கயிற்றால் கட்டித் திறந்த லோரியில்தான் கொண்டு செல்ல வேண்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் படுக்க வைத்துக் கொண்டு போவது உயிருக்கே ஆபத்து.

தோட்டத்து எல்லை தாண்டும் வரை நடை வேகத்தில் போகும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செம்மண் சாலையில் பத்து நிமிடம் மிச்சப்படுத்தி ஒரு பெட்டிப் பீங்கானை இழப்பதில் இலாபம் இல்லை.

வேனிலும் கேரவனிலும்

தைப்பூசத்துக்குப் பினாங்குக்கோ பத்துமலைக்கோ வேனில் செல்லும் குடும்பங்களும், தண்ணீர்ப்பந்தல் போடும் இளைஞர் குழுக்களும் அண்டா, குண்டா, டம்ளர் என்று அடுப்படியையே தூக்கிச் செல்வதுண்டு. அண்மைக் காலமாக வேனையே வீடாக மாற்றிக்கொண்டு பயணம் செய்வதிலும் பலருக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது. வீடு மாறுவது ஒரு நாள் வேலை. இந்தப் பயணங்களில் பாத்திரம் தினமும் வெளியே வரும், தினமும் உள்ளே போகும். ஆகவே கட்டுவதைவிட நிலையாகப் பிடித்து வைக்கும் ஏற்பாடே தேவை.

அலமாரித் தட்டுகளிலும் இழுப்பறைகளிலும் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட வேண்டும். தட்டுகளுக்கு நட்டு வைக்கும் தாங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஒரு கைத்துண்டு. அலமாரிக் கதவுக்கு உள்ளே குறுக்காக ஸ்பிரிங் கம்பி ஒன்றைப் பொருத்தினால் கதவைத் திறக்கும்போது சாமான் முகத்தில் விழாது. வளைவில் திரும்பும்போது கதவு தானே திறக்காதிருக்கக் கொக்கி அவசியம். கனமான குக்கரும் இரும்புத் தோசைக்கல்லும் தரை மட்டத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள அலமாரியில் இலேசானவை மட்டும். மைக்ரோவேவ் அடுப்புக்குள் சுழலும் கண்ணாடித் தட்டைப் புறப்படும் முன் வெளியே எடுத்துத் துணியில் சுற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

புறப்பட்டு முதல் பத்து நிமிடம் வானொலியை அணைத்து வைத்தால், எங்கே சத்தம் வருகிறது என்று தெரிந்துவிடும். வண்டியை நிறுத்தி அந்த இடத்தில் ஒரு துணியைத் திணித்தால் போதும்.

பந்தல் வேலைக்கு எவர்சில்வர், மெலமின் பாத்திரங்களே போதும். கூட்டத்தில் வெறுங்காலோடு பக்தர்கள் நடக்கும் இடத்துக்குக் கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம்.

லங்காவியிலிருந்து திரும்பும்போது

1987-இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்ட லங்காவிக்குப் போய், குவா நகரில் தட்டும் கிண்ணமும் கண்ணாடிச் சட்டியும் வாங்காமல் திரும்பும் இல்லத்தரசிகள் குறைவு. கோல கெடா படகுத்துறைக்கு வரும் படகில் பயணப்பெட்டிகளை ஒரே குவியலாக அடுக்குவது வழக்கம். அந்தக் குவியலின் அடியில் தட்டு இருந்தால் கதி அதோகதிதான். கடைக்காரர் தரும் தடுப்புள்ள பெட்டியைக் கழித்துவிடாமல் அப்படியே வாங்கி, கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடையிலேயே பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. கடல் தாண்டிய பின் மாற்றிக் கேட்கப் போக முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு

பெட்டியைத் தரையில் வைத்து, ஒரு போர்வையை விரித்து அதன் மேல் பிரிக்க வேண்டும். எது உடைந்திருந்தாலும் சில்லு போர்வையிலேயே தங்கிவிடும். அந்த நேரத்தில் குழந்தைகள் வேறு அறையில் இருக்கட்டும்; பிரிப்பவர் செருப்பு அணிந்திருக்கட்டும்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது பெரியவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். பீங்கானுக்கும் அதே சோதனைதான். விரல் மொட்டியால் மெல்லத் தட்டினால் நல்ல மங்கு கணீர் என்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மொத்தையாக ஒலிக்கும். கீறல் விழுந்ததில் சூடான குழம்பு ஊற்றக் கூடாது. கீறலுக்குள் அழுக்கும் தங்கும். மனம் விடாவிட்டால் அது பூச்செடிக்கோ அலமாரி அழகுக்கோ போகட்டும்.

உடைந்த பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுக்க வேண்டும். பொடிச் சில்லுகளை ஈரத் தாளை ஒற்றி எடுக்கலாம். இரவில் கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மீதமுள்ள சில்லு மின்னிக் காட்டிக் கொடுக்கும். சேர்த்த சில்லுகளைத் தடித்த தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, 'கண்ணாடி' என்று எழுதிய பிறகே குப்பையில் போட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையைக் கிழிக்கும்.

வீடு மாறுகிறவர்கள் கடைசியாக ஒன்றைச் செய்துகொள்ளலாம். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு சட்டி, ஒரு கரண்டி, பால் காய்ச்ச ஒரு பாத்திரம் ஆகியவற்றைத் தனியே ஒரு கூடையில் போட்டுக் காரில் வைத்துக்கொள்ள வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சி, அன்றிரவு பசியாற அது போதும். மற்றப் பெட்டிகளை மறுநாள் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பிரிக்கலாம்.